காஸ்கேட் காட்டில் பிக்ஃபுட் தேடுகிறவர்கள் எதை எழுதி வைக்க வேண்டும்?

வாசகி ஒருவரின் கேள்வி, ஜூன் 8

வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குத் தெற்கே கூடாரம் போட்டிருந்தோம். மர லாரிகள் போகிற பழைய மண் பாதையில், இரவு மழை விட்ட பிறகு, காலையில் ஒரு பாத அச்சைப் பார்த்தோம். என் செருப்பைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கும். விரல்கள் நன்றாகத் தெரிகின்றன. பையன் பிக்ஃபுட் என்று குதிக்கிறான், இந்தக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படுகிற பெரிய ரோம உருவம். வீட்டுக்காரர் கரடி என்கிறார். ஒரே ஒரு படம்தான் எடுத்தோம். இதை யாரிடம் காட்டுவது? அடுத்த வாரம் போய் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கலாமா? இந்தத் தேடலில் இறங்கியிருக்கிற தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜூன் 8, இரவு

இருக்கிறேன். சியாட்டில் பக்கம் வீடு. பல வருடங்களாகக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காஸ்கேட் மலைத்தொடரில் இருக்கிற கிஃபர்ட் பிஞ்சோ தேசியக் காட்டுக்குப் போய் வருகிறேன். நீங்கள் தங்கியிருந்ததும் அந்தக் காடுதான்.

பிளாஸ்டர் அப்புறம். அடுத்த வாரத்துக்குள் இன்னொரு மழை பெய்தால் அங்கே ஒன்றும் இருக்காது. இன்றைக்கே, ஞாபகம் மங்குவதற்குள், எல்லோரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். பாதையின் எண் என்ன, பார்த்தபோது மணி என்ன, மழை எப்போது விட்டது, அச்சு எந்தத் திசையைப் பார்த்து இருந்தது, முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் நடந்து தேடினீர்கள். தரை எங்கே வரைக்கும் ஈரமாக இருந்தது என்பது ரொம்ப முக்கியம். ஈர மண் நீண்டு கிடந்தும் அடுத்த அடி விழவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். படத்தை அனுப்புங்கள்.

ஜூன் 10

படம் கிடைத்தது. பக்கத்தில் அளவுக்கு எதுவும் வைக்காததால் நீளத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு தீப்பெட்டியோ சாவியோ இருந்திருந்தால் கணக்குப் போட்டிருக்கலாம்.

வடிவத்தைப் பற்றிப் பேசலாம். இந்தக் காட்டில் இருக்கிற கருங்கரடி நடக்கும்போது, முன்கால் பதித்த இடத்திலேயே பின்காலைக் கொண்டு வந்து வைக்கும். பாதி மேல், பாதி கீழ் என்று இரண்டு அச்சும் சேர்ந்து ஒரே நீளமான பாதம் போலத் தெரியும். ஈரக் களிமண்ணில் கொஞ்சம் வழுக்கினால் இன்னும் நீளும். நகக்குறி எல்லா மண்ணிலும் விழாது. உங்கள் படத்தில் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, இரண்டு ஓரத்திலும் லேசாக உள்வாங்கி இருக்கிறது பாருங்கள். இரண்டு அச்சுகள் சந்திக்கிற இடத்தில் இப்படித்தான் இருக்கும்.

விரல்களை வைத்துச் சொல்ல முடியாதா என்று பையன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. மனிதனுக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம், சின்னது உள்பக்கம். அதனால் கரடியின் இடது பாதம் மனிதனின் வலது பாதம் போலத் தோன்றும். ஆனால் ஒற்றை அச்சை வைத்துக்கொண்டு இது இடதா வலதா என்றே தீர்மானிக்க முடியாது. வரிசையாக மூன்று நான்கு அடிகள் இருந்தால்தான் எது எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும், விரலும் பேச ஆரம்பிக்கும். அதனால்தான் எவ்வளவு தூரம் தேடினீர்கள் என்று கேட்டேன்.

இப்போதைக்கு நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்.

ஜூன் 11

பையனுக்காக: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும், பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பவுடர் கிடைத்தால் இன்னும் உறுதியாக வரும். தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் மண் கலைந்துவிடும். ஊற்றுவதற்கு முன் நேர் மேலிருந்தும், சாய்ந்த வெளிச்சத்திலும், அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடு. அச்செடுத்த பிறகு அந்தப் பாதம் அங்கே இல்லை, உன் கையில் இருப்பது மட்டும்தான்.

காய்ந்த பிறகு மெல்லிய வரிகள் தெரிந்தால் கைரேகை என்று நினைத்துவிடாதே. பாத அச்சுகளில் தோல் ரேகை இருக்கிறது என்று கைரேகை நிபுணர் ஒருவரே ஒரு காலத்தில் சொன்னார். உலர்ந்த நுண்மண்ணில் பிளாஸ்டர் ஊற்றினால், மண் நீரை உறிஞ்சும் வேகத்தில் அதே மாதிரி வரிகள் தானாகவே உண்டாகின்றன என்று இன்னொருவர் சோதனை செய்து காட்டினார். அவரும் நம்மைப் போன்ற அமெச்சூர்தான்.

ஜூன் 15

"1958லேயே மரக்கட்டைக் கால் என்று தெரிந்த விஷயத்துக்கு இன்னும் என்ன தேடல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1958இல் அது தெரியவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் வடக்கு கலிஃபோர்னியாவின் பிளஃப் க்ரீக்கில் சாலை போடுகிற இடத்தில், புல்டோசர் ஓட்டுநர் ஜெர்ரி க்ரூ தன் வண்டியைச் சுற்றி 16 அங்குலப் பாதங்களைப் பார்த்தார். அக்டோபரில் ஹம்போல்ட் டைம்ஸ் நாளிதழில் அவர் அச்சைக் கையில் பிடித்த படம் வந்தது, பிக்ஃபுட் என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. அந்த வேலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002இல் இறந்த பிறகுதான் அவருடைய குடும்பத்தார் செதுக்கிய மரக் கால்களை வெளியே கொண்டு வந்தார்கள்.

அந்தக் கட்டைகள் எல்லா அச்சுகளோடும் பொருந்தவில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அந்த வாரங்களில் அந்தச் சாலைக்கு யார் யார் வந்து போனார்கள், இரவில் யார் தங்கினார்கள், எந்தெந்த நாள் காலையில் அச்சு *இல்லை* என்று ஒருவர் தினமும் எழுதி வைத்திருந்தால், இந்தக் கேள்விக்கு 44 வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது. அச்சை எடுத்து வைத்தார்கள், அதைச் சுற்றி இருந்ததை விட்டுவிட்டார்கள்.

ஜூன் 16

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. எல்லோரும் பார்த்த அந்தப் படச்சுருளுக்கும் இதே கதிதான். 1967 அக்டோபர் 20, அதே பிளஃப் க்ரீக். ராஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் குதிரையில் போனபோது எடுத்த 16 மி.மீ. படம், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உடைக்குள் மனிதனா இல்லையா என்று இன்றுவரை சண்டை.

சண்டையின் பெரும்பகுதி இரண்டு எண்களில் நிற்கிறது. கேமரா நொடிக்கு எத்தனை சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓட்டியது? 24 என்றால் அது மனித நடை மாதிரியே இருக்கும், 16 அல்லது 18 என்றால் அசைவு வேறு. கேமராவுக்கும் உருவத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்த லென்ஸ்? அதை வைத்துத்தான் உயரம் சொல்ல முடியும். இவை உறுதியாகப் பதிவாகவில்லை. உலகத்திலேயே அதிகம் அலசப்பட்ட ஒரு நிமிடப் படம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி இல்லாததால் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த வருடம் பிக்ஃபுட் தேடலாளர் ஜான் கிரீன், ஜிம் மெக்ளாரின் என்ற இளைஞரை அதே மணல்திட்டில் நடக்க வைத்துப் படம் எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியதே, அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பிறகு காடு வளர்ந்து மூடி, இடம் எதுவென்றே தெரியாமல் போனது. சில அமெச்சூர்கள் படத்தில் தெரிந்த அடிமரங்களையும் மரங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, நாடா பிடித்து அளந்து, அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். பிக்ஃபுட் தேடலில் எனக்குப் பிடித்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உருவம் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு முன் வெறும் வாய்ப்பேச்சாக இருந்த தூரங்களை அளக்க ஒரு தரை கிடைத்தது.

ஜூன் 29

மரம் தட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், செய்கிறோம். தடித்த கட்டையால் காய்ந்த மரத்தில் ஓங்கி ஓர் அடி, பிறகு நீண்ட நேரம் அமைதி. பிக்ஃபுட் பதிலுக்குத் தட்டும் என்பது தேடுகிறவர்களின் நம்பிக்கை.

லூயிஸ் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் நாங்கள் தட்டியபோது பதில் வந்திருக்கிறது. தூரத்தில், தெளிவாக. கூட வந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது, எனக்கும்தான். ஒவ்வொரு தட்டுக்கும் மணி, திசை எழுதுவது என் வழக்கம். மறுநாள் அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்த இன்னொரு குழுவைச் சந்தித்தோம். அவர்களும் தட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கும் "பதில்" வந்திருக்கிறது. அவர்களிடமும் நேரம் எழுதிய காகிதம் இருந்தது என்பது அபூர்வமான அதிர்ஷ்டம். இரண்டையும் காரின் முன்மூடி மேல் விரித்துப் பொருத்தினோம். பெரும்பாலானவை நாங்களும் அவர்களும் மாறி மாறித் தட்டியவை. ஒன்று மட்டும் பொருந்தவில்லை, இரண்டு குழுவும் சும்மா இருந்த நேரத்தில் வந்தது அது. மரம் முறிந்த சத்தமாக இருக்கலாம், பெயர் தெரியாத மூன்றாவது ஆளாக இருக்கலாம். என் நோட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு குழுவும் ஆளுக்கொரு அற்புத இரவை இணையத்தில் ஏற்றியிருப்போம்.

ஜூலை 6

கோத்தகிரியிலிருந்து எழுதியவருக்கு. நீங்கள் சொல்வது சரி, நம் ஊர்க் கரடியின் பின்கால் தடமும் மனிதக் கால் போலவே இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இங்கே நடக்கிற விவாதம் விசித்திரமாகத் தோன்றுவதும் புரிகிறது. நீங்கள் கரடியை முதலில் படித்தவர், இங்கே நிறையப் பேர் கரடியைப் படிக்காமல் நேரே பிக்ஃபுட்டுக்குப் போகிறார்கள்.

இந்தியாவில் இப்படித் தேடல் நடந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். மேகாலயாவின் காரோ மலைகளில் மண்டே பாருங் என்று பிக்ஃபுட் போன்ற ஒன்றைச் சொல்வார்கள். உள்ளூர் ஆர்வலர்கள் சேகரித்த முடிகளை 2008இல் வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கோரல் என்கிற இமயமலை ஆட்டினத்தின் முடி என்று வந்தது. முடி யாருடையது என்று ஒரு பதில் கிடைத்ததால், அந்த முடிவை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

ஜூலை 6, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொருவர் "ஏப் கேவ்" (மனிதக் குரங்குக் குகை) என்ற குகையின் பெயரே ஆதாரம் என்கிறார். இல்லை. அந்த எரிமலைக் குகையை 1950களின் தொடக்கத்தில் சுற்றிப் பார்த்த இளைஞர் குழுவுக்கு "செயின்ட் ஹெலன்ஸ் ஏப்ஸ்" என்று பெயர், அதிலிருந்து வந்தது. 1924இல் சுரங்கக்காரர்கள் தங்கள் குடிசையைக் குரங்கு மனிதர்கள் கல்லெறிந்து தாக்கியதாகச் சொன்ன கதை ஏப் கேன்யனைச் சேர்ந்தது. அது வேறு இடம்.

ஜூலை 19

தானியங்கி கேமரா வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்குங்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். முன்னால் இருக்கும் உணரி வெப்ப வேறுபாடு நகர்வதைத்தான் பார்க்கிறது. வெயில் பட்ட பெரணி இலை காற்றில் ஆடினாலும் படம் எடுக்கும். கிழக்கு மேற்கு நோக்கிக் கட்டினால் காலையும் மாலையும் வெறும் வெள்ளைப் படம். குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போடுங்கள். கரடிக்கு பிளாஸ்டிக் வாசனை ரொம்பப் பிடிக்கும், கடித்துப் பார்க்காமல் போகாது.

வந்த படங்களை விட முக்கியமானது, ஒவ்வொரு கேமராவும் எத்தனை இரவு உயிரோடு இருந்தது என்ற கணக்கு. வனவிலங்கு ஆய்வாளர்கள் அதைத்தான் அடிப்படை அலகாக வைக்கிறார்கள்: ஒரு கேமரா, ஓர் இரவு. பேட்டரி எந்தத் தேதியில் செத்தது என்று தெரியாவிட்டால் அந்த மாதம் முழுவதும் குப்பை.

2007இல் பென்சில்வேனியாவில் ஒரு வேட்டைக்காரரின் கேமராவில் குனிந்து நிற்கும் மெலிந்த உருவம் ஒன்று விழுந்தது. குட்டி பிக்ஃபுட் என்று பரபரப்பு. சொறி பிடித்து முடி கொட்டிய கரடி என்று அந்த மாநில வேட்டைத் துறை சொன்னது. முடியில்லாத கரடியின் கால் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பது பார்த்தால்தான் நம்ப முடியும். என் கேமராவிலும் ஒருமுறை அப்படி ஒன்று வந்தது. ஒரு சட்டத்தை மட்டும் காட்டினால் யாரும் கரடி என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த சட்டத்தில் முகத்தைத் திருப்பியது, பாவம், காதுகூடப் புண்.

ஆகஸ்ட் 2

முடி பற்றி. யாராவது கம்பி வேலியில் சிக்கிய முடியைக் கொண்டுவந்து காட்டினால் நான் ஆவலோடுதான் பார்க்கிறேன், இன்னும் அந்த ஆவல் போகவில்லை. ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. பிக்ஃபுட் தேடலாளர் பீட்டர் பைர்ன் 1976இல் எஃப்.பி.ஐ.க்குத் தோலோடு ஒட்டிய முடி அனுப்பினார். மான் குடும்பம் என்று 1977இல் பதில் வந்தது. அந்தக் கோப்பு 2019இல்தான் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டின் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் உலகம் முழுவதும் கேட்டு வாங்கி 57 மாதிரிகள் சேர்த்தார். அவற்றில் 30இலிருந்து மரபணு வரிசை கிடைத்தது. 2014இல் முடிவு வந்தது: கரடி, மாடு, குதிரை, நாய் அல்லது ஓநாய், மான், முள்ளம்பன்றி, மனிதன். சுமத்ராவில் உலவுவதாகச் சொல்லப்படுகிற ஒராங் பெண்டெக் என்ற குட்டை மனித உருவத்தின் முடி என்று வந்தது, டேபிர் என்கிற பன்றி போன்ற விலங்கின் முடி. இமயமலையிலிருந்து வந்த இரண்டு மட்டும் பழங்காலப் பனிக்கரடியோடு பொருந்துகிறது என்றார்கள். பிறகு மற்றவர்கள் அதே தரவைத் திரும்பப் பார்த்து, அது இமயமலைப் பழுப்புக் கரடி என்று திருத்தினார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்போ விட்டுவிடுங்களேன்" என்று எழுதுகிறவர்களுக்கு: அந்த மாதிரிகளை அனுப்பியவர்கள் தங்கள் ஆசைப் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்து வருடா வருடம் கதை சொல்லவில்லை. அந்தக் குணத்தைத்தான் நான் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 3

ஸ்கூக்கம் அச்சை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். 2000 செப்டம்பரில், இதே கிஃபர்ட் பிஞ்சோ காட்டில், பி.எஃப்.ஆர்.ஓ. என்ற பிக்ஃபுட் தேடல் அமைப்பின் குழு சேற்றில் பழங்களை வைத்துவிட்டு மறுநாள் காலை ஒரு பெரிய உடலின் பதிவைக் கண்டது. ஒருக்களித்துப் படுத்துப் பழத்துக்குக் கை நீட்டிய பிக்ஃபுட் என்று விளக்கினார்கள். நான் அந்தப் பதிவின் படங்களையும், எல்க் மான் படுத்து எழுந்த சேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன். எல்க் எழும்போது முன்கால் மணிக்கட்டை ஊன்றித்தான் எழும், "குதிகால்" என்று சொல்லப்பட்ட பள்ளம் எனக்கு அதுவாகவே தெரிகிறது. அச்சில் எல்க் முடியும் கிடைத்தது. மறுப்பவர்களோடு பேசத் தயார், ஆனால் முதலில் செப்டம்பரில் ஒரு வாரம் எல்க் கிடக்கிற சேறுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செப்டம்பர் 7

சில நாட்களாக மனதில் ஓடுகிற விஷயம்.

2009இல் மூன்று ஆய்வாளர்கள் பிக்ஃபுட் பார்த்ததாக வந்த புகார்களின் இடங்களை எடுத்து, எந்த மாதிரி நிலத்தில் இது வாழும் என்று கணினியில் கணித்தார்கள். கருங்கரடியின் வரைபடத்தோடு கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. 2024இல் வந்த இன்னொரு ஆய்வு, கரடி அதிகமுள்ள மாநிலங்களில் பார்த்ததாகச் சொல்வதும் அதிகம் என்றது. எனக்கு இவை ஓரளவுதான் போதும். ஏனென்றால் எந்தப் புகாரிலும், பார்த்தவர் அதற்கு முன் எத்தனை மணி நேரம் ஒன்றும் பார்க்காமல் நடந்தார் என்று இல்லை. அது இல்லாத வரைபடம், சாலை எங்கே இருக்கிறது, கூடாரம் போடுகிற மனிதன் எங்கே போகிறான் என்பதையும் சேர்த்துத்தான் காட்டும்.

அதிகம் யோசிக்க வைத்தது வுல்வரின், நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி. காஸ்கேடின் இந்தப் பகுதியிலிருந்து மறைந்துபோன விலங்கு. மிகக் குறைந்த எண்ணிக்கை, பனிமலை உச்சி, ஒன்றுக்கொன்று பெரிய தூரம். கேமராவும், இரையைத் தொங்கவிட்டு முடி சேகரிக்கிற கம்பிகளும் வைத்து, காஸ்கேட்ஸ் கார்னிவோர் ப்ராஜெக்ட் என்ற குழு பனிக்காலங்களில் ஏறி இறங்கியது. 2020இல் ரெய்னியர் மலையில் குட்டிகளோடு ஒரு பெண் வுல்வரின் பதிவானது, நூறு வருடங்களுக்கு மேல் கழித்து அங்கே முதல் முறை. ஆக, மிக அரிதான ஒன்றும் இந்தக் காட்டில் கேமராவில் விழுகிறது. அதை விடப் பல மடங்கு பெரிய ஓர் உருவம் ஏன் விழவில்லை?

பிக்ஃபுட்டுக்கு எதிராக நான் அறிந்த வாதங்களில் கனமானது இதுதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. மூளைக்காரன், கேமராவைக் கண்டு ஒதுங்குகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு எந்தத் தேடலும் எதையும் காட்ட முடியாது. அந்த வாசலை நான் திறக்க மாட்டேன்.

செப்டம்பர் 8

"அப்படியானால் உங்களுக்கே நம்பிக்கை இல்லையே, ஏன் போகிறீர்கள்?"

இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆசை இருப்பதால்தான் குறிப்பில் இவ்வளவு கறாராக இருக்கிறேன். அப்புறம், இந்தக் காட்டில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் சாலையை விட்டு இறங்கி நடக்கிறவர்கள் மிகச் சிலர். அதில் ஒரு கூட்டம் நாங்கள். நடந்ததை ஒழுங்காக எழுதினால், பிக்ஃபுட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டைப் பற்றி ஒரு தகவல் மிஞ்சும்.

செப்டம்பர் 21

அக்டோபரில் சேர்ந்து வருவதாகச் சொன்னவர்களுக்கு. அது வேட்டைக் காலம், ஆரஞ்சு நிறச் சட்டை இல்லாமல் யாரும் காருக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு புளிசாதமானாலும் ரொட்டியானாலும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, கரடி திறக்க முடியாத டப்பாவில்தான். துப்பாக்கி வேண்டாம். இந்தக் காடு பரவியிருக்கிற ஸ்கமேனியா கவுன்டியில் (மாவட்டத்தில்) பிக்ஃபுட்டைக் கொல்வதற்கு எதிராக 1969லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், முதலில் 10,000 டாலர் அபராதமும் சிறையும் என்று. அந்தச் சட்டம் பிக்ஃபுட்டைக் காப்பாற்றியதோ இல்லையோ, புதருக்குள் ரோமக் கோட்டு போட்டு நடந்த நாலு மனிதர்களைக் காப்பாற்றியிருக்கும்.

குறிப்புத் தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். கிளம்பிய மணி, திரும்பிய மணி, நடந்த பாதை, வானிலை, தரை ஈரமா காய்ந்ததா, கண்ட தடங்கள், கேட்ட சத்தங்கள், எதிர்ப்பட்ட மனிதர்கள், வண்டிகள். "ஒன்றும் இல்லை" என்றால் அதையும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த "ஒன்றும் இல்லை" தாளைத் தராதவர் அடுத்த முறை வர வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 22

படங்களை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: வுல்வரினோ, 2015இலிருந்து இந்தக் காட்டில் திரும்ப விடப்பட்ட, அதே குடும்பத்துச் சிறு விலங்கான ஃபிஷரோ கேமராவில் விழுந்தால், முதலில் மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். அவர்கள் இணையதளத்தில் அதற்குப் படிவம் இருக்கிறது. இடம், தேதி, நேரம் மூன்றும் கேட்பார்கள். தாளை ஒழுங்காக நிரப்பியிருந்தால் மூன்றும் உங்களிடம் இருக்கும்.